பையில் கிடைத்த பொட்டலமும் பெற்றோர் கேட்ட கேள்விகளும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் லீவு நாட்களில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறான். போன வாரம் அவன் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் கிடைத்தது. அவன் அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். இப்போது எங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (சிவதாபுரம் வாசகி)

பதில்: முதலில் அடியை நிறுத்துங்கள், அம்மா. அடி வாங்கிய பிள்ளை புகையிலையை விடுவதில்லை. ஒளித்துவைக்கும் இடத்தைத்தான் மாற்றுகிறான். அவன் அப்பாவே போய், “அடித்தது தப்புதான். ஆனால் இந்த வீட்டுப் பிள்ளை புகையிலை போடக் கூடாது” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லட்டும். மன்னிப்புக் கேட்டால் கண்டிப்பு போய்விடும் என்று அவர் பயப்பட வேண்டியதில்லை.

கூல் லிப் என்பது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பை. புகை கிடையாது, நாற்றமும் கிடையாது. அதனால் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் அவன் உதடுகளின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சுருக்கமோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். கடைக்குக் கூட்டிப்போகும்போது, “பட்டறையில் யாரெல்லாம் இதைப் போடுகிறார்கள்?” என்று கேளுங்கள். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், தன்னைப் பற்றியும் சொல்வான். நடுவில் திட்டாமல் கேட்பதுதான் கஷ்டம். அதைச் செய்தே ஆக வேண்டும். பட்டறை வேலையைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்துங்கள் என்பது என் திடமான கருத்து. கைக்காசு, பெரிய ஆட்களின் சகவாசம் இரண்டும் அவனுக்கு அங்கேதான் கிடைக்கின்றன. விட்ட முதல் வாரத்தில் எரிந்து விழுவான், தூக்கம் வராது. நிக்கோட்டின் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் புகையிலை விற்பவர் மீது புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

கேள்வி: வெளியில் போய்க் கெட்டுப்போவதைவிட என் கண் எதிரிலேயே பழகட்டும் என்று 16 வயது மகனுக்கு விசேஷ நாட்களில் கொஞ்சம் பீர் கொடுக்கிறேன். இதில் தவறு உண்டா? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: உண்டு, ஐயா. நான் மேலே சொன்ன 77ஆவது பிரிவு மதுவுக்கும் பொருந்தும். வீட்டுக்குள் அப்பா கொடுத்தாலும் அதே பிரிவுதான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது. முன்யோசனையும் நிதானமும் தருகிற மூளைப் பகுதி முழுதாக வளர 25 வயது வரை ஆகிறது. குடி எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறதோ, பிற்காலத்தில் அது அடிமைத்தனமாக மாறும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். அப்பா ஊற்றிக் கொடுத்த பிள்ளை வெளியே குறைத்துக் குடிப்பான் என்று நம்பாதீர்கள். குடிக்க அனுமதி கிடைத்துவிட்டது என்றே அவன் எடுத்துக்கொள்வான்.

1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். இன்றைக்குக் கடை திறந்திருக்கிறது. அதனால்தான் வீட்டில் நீங்கள் போடும் கட்டுப்பாட்டுக்கு மதிப்பு கூடுகிறது. நீங்களும் வீட்டில் குடிப்பதை நிறுத்திவிட்டு அவனிடம் பேசுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைக் கருவி வாங்கி, மகளுக்குத் தெரியாமல் சோதிக்கலாமா? (சூரமங்கலம்)

பதில்: வேண்டாம். முடிவு தவறாகவும் வரலாம். தெரிந்துபோனால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். சந்தேகம் இருந்தால் நேரே கேளுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: 17 வயது மகன் நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அங்கே குடிப்பார்களோ என்று பயம். (குகை வாசகி)

பதில்: பைக்கைக் கொடுக்காதீர்கள். 18 நிரம்பாதவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குடித்தவன் பின்னால் உட்கார்ந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் போகட்டும். யார் யார் போகிறார்கள், எந்த பஸ்ஸில் திரும்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். “ஏதாவது சரியில்லை என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடு, நான் வந்து கூட்டிவருகிறேன், அன்றைக்கு எதுவும் கேட்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுங்கள். அவன் கூப்பிட்டால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்; பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று அப்பா அறையில் பூட்டி வைத்திருக்கிறார். (ஊர் வேண்டாம்)

பதில்: இன்றைக்கே கதவைத் திறக்கச் சொல்லுங்கள், சகோதரி. இப்படிப் பயன்படுத்தப்படும் டபென்டடால் போன்ற மாத்திரைகள் அபின் வகை வேலையைச் செய்பவை. திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும். பூட்டிவைத்து நிறுத்தியவன் வெளியே வந்து பழைய அளவையே போட்டால் உயிருக்கே ஆபத்து. மூச்சு மெதுவாகி, எழுப்பினாலும் விழிக்கவில்லை என்றால் உடனே 108.

போதைப் பழக்கம் உள்ளவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தர, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள். ஊசி போட்டிருப்பதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனையும் கேளுங்கள். போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.