மகன் மீது ஃபெலனி வழக்கு: ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் எச்-1பி விசாவில் டெக்சாஸ் சென்றார். ஒரு கடையில் நாமே பில் போடும் இயந்திரத்தில் சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்துப் போனதாகச் சென்ற மாதம் கைது செய்து, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். அன்று பையில் இருந்தது 140 டாலர் பொருள்தான். ஆனால் ஐந்து மாத வீடியோவைப் பார்த்து, மொத்தம் 2,860 டாலர் என்று ஃபெலனி வழக்குப் போட்டுவிட்டார்கள். ஃபெலனி என்றால் கொலைக் குற்றம் போல என்கிறார் உறவினர் ஒருவர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ‘டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ தருகிறோம், தண்டனை என்றே பதிவாகாது என்கிறது அரசுத் தரப்பு. கையெழுத்துப் போடச் சொல்லலாமா? – தென்காசி வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஐயா. ஏன் என்று சொல்வதற்கு முன் உறவினர் கிளப்பிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஃபெலனி என்ற வகையே இல்லை. அதனால்தான் அந்தச் சொல் மிரட்டுகிறது. அமெரிக்காவில் பெரிய குற்றங்களுக்கெல்லாம் பொதுப் பெயர் அது. டெக்சாஸில் ஃபெலனிக்கு ஐந்து படிகள் உண்டு. மேல்படியில் மரண தண்டனை, அல்லது பரோலே (முன்கூட்டி விடுதலையே) இல்லாத ஆயுள் சிறை. அடுத்தது முதல் நிலை: 5 முதல் 99 ஆண்டு அல்லது ஆயுள். இரண்டாம் நிலைக்கு 2 முதல் 20 ஆண்டு, மூன்றாம் நிலைக்கு 2 முதல் 10 ஆண்டு. கடைசிப் படியின் பெயர் ‘ஸ்டேட் ஜெயில் ஃபெலனி’. சிறைகள் நிரம்பி வழிந்த காலத்தில், 1993-இல் சட்டத்தைத் திருத்தியபோது சிறிய குற்றங்களுக்கென்று உருவாக்கிய வகை அது. 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். உங்கள் மகன் நிற்பது இந்தப் படியில்தான். பரோல் கிடையாது என்பது இதில் ஒரு கெடுதல். ஆனால் முன் வழக்கு எதுவும் இல்லாதவரைப் பெரும்பாலும் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில்தான் வைப்பார்கள்.

திருட்டு எந்தப் படியில் விழும் என்பதைப் பொருளின் மதிப்பு தீர்மானிக்கிறது. 100 முதல் 750 டாலருக்குள் என்றால் பி வகுப்பு மிஸ்டிமீனர் (ஃபெலனிக்குக் கீழே உள்ள சிறு குற்றம்), 2,500-க்குள் என்றால் ஏ வகுப்பு. 2,500-ஐத் தொட்டால் ஃபெலனி. (மாட்டுக்குத் தனிக் கணக்கு. ஒரே ஒரு மாட்டைத் திருடினாலும் மூன்றாம் நிலை ஃபெலனி! பண்ணைக்காரர்கள் எழுதிய சட்டம் என்று தோன்றும்.) ஒரே திட்டத்தின் தொடர்ச்சி என்று காட்ட முடிந்தால், பல நாள் திருட்டைக் கூட்டி ஒரே தொகையாக்கவும் சட்டம் இடம் தருகிறது. 140 டாலர் 2,860 ஆனது அப்படித்தான். எல்லைக்கு மேலே இருப்பது வெறும் 360 டாலர். எந்தத் தேதியில் எந்தப் பொருள், வீடியோவில் இருப்பது அவர்தானா, விலை எப்படிப் போட்டார்கள் என்று வரி வரியாகக் கேட்டால் அந்த 360 கரைந்துபோக வாய்ப்பு உண்டு. மகனின் வழக்கறிஞர் முதலில் உட்கார வேண்டிய இடம் இதுதான்.

இனி அந்தக் கையெழுத்து. டெஃபர்ட் அட்ஜுடிகேஷனில் நீதிபதி ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, ‘குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொல்வதைத் தள்ளிவைப்பார். கண்காணிப்புக் காலம் ஒழுங்காக முடிந்தால் வழக்கு தள்ளுபடியாகும். அரசுத் தரப்பு சொன்னது பொய்யில்லை; டெக்சாஸ் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு அல்ல. ஆனால் உங்கள் மகன் குடிமகன் அல்லவே. குடியேற்றம் மத்திய அரசின் சட்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டாலே அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்புதான். பிறகு தள்ளுபடியானாலும் மாறாது. குடிமகனுக்குக் கிடைக்கும் நல்ல பேரம் இவருக்கு நாடு கடத்தல் உத்தரவாக முடியலாம்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. திருட்டு ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்ற வகையில் வருகிறது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் செய்த அத்தகைய குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்க முடியும் என்றால், நாடு கடத்த அது ஒன்றே போதும். விதித்தது எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது. விதிக்க முடிவது எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். ஏ வகுப்பு மிஸ்டிமீனரின் உச்சத் தண்டனை சரியாக ஓராண்டு. ஆகவே ‘ஃபெலனியை மிஸ்டிமீனராகக் குறைத்துவிட்டோம்’ என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், எந்த வகுப்பு என்று கேளுங்கள். பி வகுப்பின் உச்சம் 180 நாள். அது அந்தப் பிரிவுக்குள் வராது. உங்கள் மகனுக்கு ஃபெலனிக்கும் மிஸ்டிமீனருக்கும் நடுவே உள்ள கோட்டைவிட, ஏ-க்கும் பி-க்கும் நடுவே உள்ள கோடுதான் பெரியது.

பி வகுப்பாகக் குறைப்பதைவிடவும் நல்லது, நீதிமன்றத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாமல் பயிற்சி, சமூக சேவை என்று முடித்து வழக்கைக் கைவிடச் செய்யும் ‘ப்ரீ-ட்ரையல் டைவர்ஷன்’. அதிலும் சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) எழுத்து மூலமாக ஒப்புதல் வாக்குமூலம் கேட்பார்கள். அந்தத் தாளைக் குடியேற்ற வழக்கறிஞர் படித்த பிறகே கையெழுத்து.

ஒப்புதல் நாடு கடத்தலில் முடியுமா என்று எச்சரிக்க வேண்டியது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. மகன் அவரிடம் தயங்காமல் கேட்கலாம். வழக்கு முடியும்வரை இந்தியா வரும் டிக்கெட் எதுவும் போட வேண்டாம். வீட்டில் கல்யாணமே என்றாலும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘ஏண்டா இப்படிச் செய்தாய்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பும் ஒரு வரியும் சாட்சியமாகலாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.