தோட்டத்து மோட்டாரின் சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கம்பத்துக்கு அருகே எனக்கு நான்கு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வண்டன்மேட்டில் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருப்பதால் வாரத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்பேன். அதனால் கைபேசியில் இயங்கும் ஸ்டார்ட்டரும், சொட்டு நீருக்குத் தானியங்கி வால்வும் போட்டேன். போன மாதம் இரண்டு இரவுகள் நான் போடாமலேயே மோட்டார் ஓடியிருக்கிறது. பறிப்புக்குப் பத்து நாளே இருந்த நேரத்தில் தண்ணீர் பாய்ந்து ஒரு பகுதிப் பழம் வெடித்துவிட்டது. ஸ்டார்ட்டரைப் பொருத்திய பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. இது கருவியின் கோளாறா, யாராவது செய்த வேலையா?

பதில்: உங்கள் இழப்பு எவ்வளவு பெரியது என்பது பந்தல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பழம் நிறமேறும் பருவத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வரவேண்டிய நேரத்தில், ஓர் இரவு நிறையப் பாய்ந்தாலே தோல் தாங்காமல் வெடிக்கிறது. வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் பெட்டியில் வைப்பதில்லை. ஆனாலும் யார்மீதும் சந்தேகத்தைச் சொல்வதற்கு முன் மூன்று சாதாரணக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, ஸ்டார்ட்டர் 'ஆட்டோ' நிலையில் இருந்தால் மும்முனை மின்சாரம் வந்தவுடன் அதுவே மோட்டாரைப் போட்டுவிடும். மின்சாரம் இரவு முறையில் வந்திருந்தால், யாரும் தொடாமலே நீங்கள் சொல்வது நடக்கும். இரண்டாவது, பழைய நேர அட்டவணை ஏதாவது செயலியில் அழிக்கப்படாமல் இருக்கலாம். மூன்றாவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் கைவிடப்பட்ட கைபேசி எண் மூன்று மாதங்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் ஸ்டார்ட்டரில் பதிந்திருக்கும் எண்களில் ஒன்று இன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் இருந்து, அவர் தவறுதலாக ஸ்டார்ட்டரில் உள்ள சிம்மின் எண்ணை அழைத்திருந்தாலும் மோட்டார் ஓடியிருக்கும்.

இந்த மூன்றும் இல்லையென்றால், அந்தப் பையனின் எண் இன்னும் உங்கள் ஸ்டார்ட்டரில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பொருத்துபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக முதலில் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்வதும், வேலை முடிந்த பிறகு அதை நீக்காமல் போவதும் நம் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. செயலிக்கான கணக்கையே தங்கள் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் பணம் கொடுத்தவர் நீங்களாக இருந்தும் கருவியின் உரிமையாளர் அவராகிவிடுகிறார். அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அவருடைய கைபேசி திருடுபோனாலே போதும்.

இத்தகைய ஆபத்துக்கு உலகம் அறிந்த பழைய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, குவின்ஸ்லாந்து மாநிலத்தின் மரூச்சி வட்டாரத்தில், கழிவுநீர் நிலையங்களுக்கு ரேடியோ வழிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், தன்னிடம் இருந்த கருவிகளையும் அறிவையும் கொண்டு, காரில் உட்கார்ந்தபடியே பம்புகளைத் தவறாக இயக்கினார். ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. முதலில் எல்லோரும் அதைக் கருவிக் கோளாறு என்றே நினைத்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மறுஆண்டு அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பூட்டை உடைத்து உள்ளே வந்தவர் அல்ல அவர். அவரிடம் இருந்த சாவியை யாரும் திரும்ப வாங்கவில்லை.

ஆகவே இன்றே ஸ்டார்ட்டரை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பதிந்த எண்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு உங்கள் எண்ணையும், வீட்டில் பொறுப்பானவர் ஒருவரின் எண்ணையும் மட்டும் சேருங்கள். 1234, 0000 போன்ற தொழிற்சாலைக் குறியீட்டை மாற்றுங்கள். கருவிக்குள் இருக்கும் சிம் கார்டு உங்கள் பெயரில் வாங்கியதாக இருக்கவேண்டும். அதன் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அழைப்பவரின் எண்ணை மட்டும் பார்த்து மோட்டாரைப் போடும் கருவியைவிட, எண்ணோடு குறியீட்டையும் கேட்கும் கருவி மேலானது, ஏனென்றால் வேறொருவர் எண்ணிலிருந்து வருவதுபோல் அழைப்பை ஏமாற்றிக் காட்ட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறிப்புக்கு முந்தைய இரண்டு வாரங்கள் அந்தப் பகுதியின் கேட் வால்வைக் கையால் மூடிவையுங்கள். மோட்டாரே ஓடினாலும் அந்தப் பந்தலுக்குத் தண்ணீர் போகாது. இரும்பு வால்வைக் கைபேசியால் யாரும் திறக்க முடியாது.

இதைப் பழைய காலத்து யோசனை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 ஏப்ரலில் இஸ்ரேலில் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இணையம் வழியே தாக்கப்பட்டபோது, முன்னெச்சரிக்கையை மதித்துத் தொலைவு இணைப்பைத் துண்டித்துக் கையால் இயக்கத் தொடங்கியிருந்த விவசாயிகள் தப்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பில் ஒரு கருவி கைப்பற்றப்பட்டபோதும், பணியாளர்கள் கையால் இயக்கியே நிலைமையைச் சமாளித்தார்கள். அந்த வகைக் கருவிக்குத் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் என்ன தெரியுமா? நான்கு ஒன்றுகள்.

கேள்வி: குமுளிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் காய்த் திருட்டுக்குப் பயந்து ஆறு கேமரா வைத்திருக்கிறோம். கைபேசியில் பார்க்கிறோம். இதை வேறு யாராவது பார்க்க முடியுமா?

பதில்: பெட்டியில் எழுதியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் இருந்தால் முடியும். 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அது கையாண்ட உத்தி மிக எளியது: தொழிற்சாலைகள் வழக்கமாக வைக்கும் அறுபதுக்குச் சற்று அதிகமான பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்ட கேமராக்கள் எல்லாம் திறந்துகொண்டன. அந்தக் கேமராக்களை ஏவியே அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். உரிமையாளர்கள் பலருக்குத் தங்கள் கேமரா இப்படி அடியாள் வேலை பார்த்ததே தெரியாது.

கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பாதீர்கள். சில கருவிகளில் அதுவே உள்ளே நுழையும் வழி. வீட்டு வைஃபையிலிருந்து கேமராக்களைத் தனியே பிரித்துவையுங்கள். ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிறவர்கள் தங்கும் லயத்தின் வாசலையும் குளிக்கும் இடத்தையும் நோக்கிக் கேமரா திரும்பியிருந்தால் அதை இன்றே திருப்பிவிடுங்கள். திருட்டைத் தடுக்க வைத்த கண், நம்மை நம்பி மலையேறி வருகிற பெண்களின் மானத்துக்கு ஆபத்தாகிவிடக் கூடாது.

கேள்வி: நான் உத்தமபாளையத்திலிருந்து வேளாண்மை படிக்கும் மாணவி. இரண்டு ஏக்கர் விவசாயியைத் தாக்கி யாருக்கு என்ன லாபம், சார்? இந்தப் பயம் பெரிய பண்ணைகளுக்கு மட்டும்தானே?

பதில்: அந்த இரண்டு ஏக்கரைக் குறிவைத்து யாரும் வரமாட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்த விவசாயி சார்ந்திருக்கும் இடத்தைக் குறிவைப்பார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தானிய விவசாயிகளின் பெரிய கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணினிகளைப் பூட்டிவிட்டு 59 லட்சம் டாலர் கேட்டார்கள். அந்த இலையுதிர்கால அறுவடையின்போது ஆறு தானியக் கூட்டுறவுகளும், 2022-இன் தொடக்கத்தில் மேலும் இரண்டும் தாக்கப்பட்டதாக எஃப்.பி.ஐ. அறிவித்தது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தையே அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம்: விளைச்சல் காத்திருக்காது, ஆகையால் சங்கம் பணத்தைக் கொடுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இதை நம் பள்ளத்தாக்கில் வைத்துப் பாருங்கள். பல ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பறிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபோது நாம் பெருமைப்பட்ட சிறப்புகளில் இதுவும் ஒன்று. அதனாலேயே இங்கே 'சும்மா இருக்கும் மாதம்' என்று ஒன்று கிடையாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கும், குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஒரே கணினியில் இருந்து, அது பூட்டப்பட்டால், அன்று பறித்தவர்கள் அனைவரும் ஒன்றாகப் பாதிக்கப்படுவார்கள். நீங்கள் படிப்பை முடித்து அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே இரண்டைக் கேளுங்கள். கணக்கின் நகல், இணையத்தோடு தொடர்பில்லாத தனி வட்டில் வாரந்தோறும் எடுக்கப்படுகிறதா? கணினி இல்லாமல் கிடங்கின் குளிரை இயக்கத் தெரிந்தவர் இரவுப் பணியில் இருக்கிறாரா? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத இடங்களே அதிகமாக இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

கேள்வி: போடியிலிருந்து எழுதுகிறேன். விவசாய மானியத் தொகை வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செயலி வந்தது. நிறுவியதிலிருந்து கைபேசி தானாகவே வேலை செய்கிறது. என் மோட்டார் செயலியும் இதே கைபேசியில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உடனே கைபேசியில் இணையத்தையும் வைஃபையையும் நிறுத்துங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பி.எம். கிசான் போன்ற திட்டங்களின் பெயரில் வரும் இத்தகைய செயலிகள் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும். அரசு மானியம் எதுவும் வாட்ஸ்அப்பில் வரும் செயலி வழியாகக் கொடுக்கப்படுவதில்லை.

குறுஞ்செய்தியைப் படிக்கவும் அனுப்பவும் முடிகிற ஒருவர் உங்கள் ஸ்டார்ட்டருக்கும் கட்டளை அனுப்பலாம். எனவே கைபேசியை முழுவதும் அழித்துச் சீராக்கும்வரை தோட்டத்துக்குப் போய் ஸ்டார்ட்டரை 'மேனுவல்' நிலைக்கு மாற்றிவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள்.