நடுவழியில் காற்று இறங்கினால்: பம்பா, காட்ரிட்ஜா, சார்ஜ் மெஷினா?

கேள்வி: போன மாதம் ரோடு சைக்கிள் வாங்கினேன். டயர் 700க்கு 28, ஒல்லியான பிரெஸ்டா வால்வு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரம் வரை போய் வருகிறேன். சில வாரம் மனைவியும் வருகிறார். அவருடையது 26 இஞ்ச், தடித்த டயர். வழியில் பஞ்சரானால் காற்றடிக்க எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நண்பர்கள் கேஸ் காட்ரிட்ஜ் போதும் என்கிறார்கள். கடைக்காரர் சார்ஜ் ஏற்றும் குட்டி மெஷினைக் காட்டுகிறார். அப்பாவோ, "ஒரு கைப்பம்பு இருந்தா ஆகாதா?" என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. முதலில் கைப்பம்பு வாங்குங்கள். மற்ற இரண்டும் கையில் காசும் பையில் இடமும் மிச்சமிருந்தால்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் முட்டுக்காடு பாலம் தாண்டிக் கோவளம் போகும் வழியில் பின் டயர் இறங்கியது. காலை ஐந்தரை மணி, ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் இருந்தவை இரண்டு காட்ரிட்ஜ், ஒரு மாற்று டியூப். டியூபை மாற்றி, முதல் காட்ரிட்ஜை, அதை வால்வில் மாட்ட உதவும் 'தலை' என்ற சிறு கருவியில் திருகினேன். தலை வால்வில் சரியாக உட்காரவில்லை. 'புஸ்' என்று இரண்டு நொடி. மொத்த கேஸும் வெளியே போய்விட்டது. காட்ரிட்ஜ் மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாய்ப் பனி படர்ந்தது, விரல் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது சரியாக ஏறியது. பத்து நிமிடத்தில் அதுவும் இறங்கியது. டயருக்குள் குத்தி நின்ற கம்பியை நான் எடுக்கவே இல்லை. அதன் பிறகு பஞ்சர் கடை திறக்கும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான். பையில் ஒரு பம்பும் பேட்சும் இருந்திருந்தால் முதல் தவறையும் திருத்தியிருக்கலாம், இரண்டாவதையும் திருத்தியிருக்கலாம். காட்ரிட்ஜ் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பம்பில் காற்று தீர்வதில்லை.

இனி எந்தப் பம்பு என்பதைப் பார்ப்போம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் '120 பிஎஸ்ஐ', '160 பிஎஸ்ஐ' என்று காற்றழுத்த அளவை அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண்ணைத் தொட உங்கள் கைக்குத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பம்புக் குழாயின் உள் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால், டயரில் 80 பிஎஸ்ஐ இருக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 18 கிலோ எடை அளவுக்கு அழுத்த வேண்டும். அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் அதே 80க்கு 40 கிலோ. ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு 40 கிலோ அழுத்தத்தை யாராலும் நூறு தடவை கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் ரோடு சைக்கிளுக்கு ஒல்லிக் குழாய்ப் பம்பு.

அதற்கும் ஒரு விலை உண்டு. உங்கள் டியூபுக்குள் சுமார் ஒன்றேகால் லிட்டர் இடம். அதை 80க்கு ஏற்ற வெளியிலிருந்து ஏழு லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். 2 சென்டிமீட்டர் குழாய், 12 சென்டிமீட்டர் இழுப்பு என்றால் 180 அடி. நடுவில் மூச்சு வாங்க நின்றாலும் ஐந்து, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

உங்கள் மனைவியின் டயருக்குக் கணக்கு தலைகீழ். அதற்கு 40 பிஎஸ்ஐ போதும், ஆனால் உள்ளே மூன்று மடங்கு இடம். ஒல்லிப் பம்பால் 270 அடி அடிக்க வேண்டியிருக்கும். 3 சென்டிமீட்டர் பம்பு 120 அடியில் முடித்துவிடும், அழுத்தமும் 20 கிலோதான். இருவரும் சேர்ந்து போகும் நாளில் ஒரே பம்புதான் என்றால் ஒல்லியானதை எடுத்துப் போங்கள். அதில் தடித்த டயருக்கும் பொறுமையாக அடித்துவிடலாம். தடித்த பம்பால் உங்கள் டயரை 80க்குக் கொண்டுபோக முடியாது.

கடையில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பம்பு நேராக வால்வில் மாட்டுகிறதா, நடுவில் ரப்பர் ஹோஸ் இருக்கிறதா? ஹோஸ் உள்ளதையே வாங்குங்கள். நேராக மாட்டி அடிக்கும்போது கை ஆட ஆட வால்வும் ஆடி, டியூபில் வால்வு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி கிழிந்துவிடும். அந்தக் கிழிசலைப் பேட்ச் போட்டு ஒட்ட முடியாது. திருகிப் பூட்டும் ஹோஸ் என்றால், கழற்றும்போது வால்வின் உள்பகுதியும் கூடவே திருகி வந்துவிடுவது உண்டு. கிளம்பும் முன் அதை இறுக்கிக்கொள்ளுங்கள். உங்களுடையது பிரெஸ்டா, மனைவியின் வண்டியில் பைக் டயரில் இருப்பது போன்ற வால்வாக இருக்கலாம். இரண்டுக்கும் மாற்றிப் பொருத்தும் தலை இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

காட்ரிட்ஜை நான் முழுதாக ஒதுக்கவில்லை. 16 கிராம் காட்ரிட்ஜ் ஒன்று உங்கள் டயரைச் சில நொடிகளில் 100 பிஎஸ்ஐ பக்கம் ஏற்றிவிடும். அதே காட்ரிட்ஜ் மனைவியின் டயரில் 30, 35ஐத் தாண்டாது. அது கார்பன் டை ஆக்சைடு; டியூப் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் டயர் தொய்ந்திருந்தால் திரும்பவும் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். காட்ரிட்ஜை வெறும் கையால் பிடிக்காதீர்கள், துணியோ உறையோ வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். சோடா தயாரிக்கும் 8 கிராம் குப்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குகிறவர்களும் உண்டு. அதில் பாதிக் கேஸ்தான், பெரும்பாலும் மரை இருக்காது. மரை உள்ள காட்ரிட்ஜுக்கான தலையில் அது பூட்டாது. காட்ரிட்ஜும் அதன் தலையும் ஒன்றுக்கொன்று சேருமா என்று பார்த்து வாங்குங்கள்.

சார்ஜ் மெஷின் நல்ல சாமான்தான், கையில் தெம்பில்லாதவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் வரப்பிரசாதம். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் குட்டி மெஷின் ஒரு சார்ஜில் ஒன்றிரண்டு டயர்தான் ஏற்றும். ஓடும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். மாதக்கணக்கில் பையில் கிடந்துவிட்டு, தேவைப்படும் நாளில் பேட்டரி இறங்கியிருந்தால் அது வெறும் கட்டி. அதை வாங்கினாலும் பம்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதால் அடித்தாலும் முதலில் முள்ளைத் தேடுங்கள். ஈசிஆர் ஓரத்தில் சீமைக்கருவேல முள், உடைந்த பாட்டில் சில்லு, வெடித்த லாரி டயரில் இருந்து சிதறும் மயிரிழைக் கம்பி, மூன்றும் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர டயரில் சில்லு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் தடவிக்கொண்டே போங்கள். இருக்கும் இடத்தில் துணி இழுத்துப் பிடிக்கும். விரலால் தடவினால் விரலைக் கிழிக்கும். புது டியூபை உள்ளே வைக்குமுன் நாலைந்து அடி காற்று அடித்து உருண்டையாக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மாட்டி நசுங்காது. இந்த நாலைந்து அடிக்கும் பம்புதான் வேண்டும்.

வாங்கிய வாரமே வீட்டில் டயரை வேண்டுமென்றே முழுதாக இறக்கிவிட்டு, அந்தப் பம்பாலேயே 80 வரை அடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் மாற்றிக்கொள்ள அப்போது வழி இருக்கும்.

கேள்வி: மகன் சைக்கிளில் டியூஷன் போகிறான். வழியில் உள்ள பெட்ரோல் பங்கில் சைக்கிளுக்குக் காற்றடிக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே காற்று இலவசம் என்கிறார்களே?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இலவசம்தான். எண்ணெய் நிறுவனங்கள் தம் பங்குகளுக்கு வகுத்துள்ள விதிமுறைகளிலேயே இலவசக் காற்றும் குடிநீரும் அடங்கும். காசு கேட்டாலோ, கம்ப்ரஸர் எப்போதும் பழுது என்றாலோ, அங்கேயே புகார்ப் புத்தகம் கேட்டு எழுதலாம். நிறுவனத்தின் இலவச எண்ணும் பலகையில் இருக்கும்.

ஆனால் தம்பி விஷயத்தில் நான் வேறு ஆலோசனை சொல்வேன். அந்தக் கம்ப்ரஸர் கார் டயருக்கானது. சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம். நாலு நொடி கூடுதலாகப் பிடித்தால் வெடிக்கும், முகத்துக்கு அருகில் வெடித்தால் காது அடைத்துப் போகும். அவன் சைக்கிளில் இருப்பது வால்டியூப் (காற்று வெளியேறாமல் அடைக்கும் சிறு ரப்பர் குழாய்) போட்ட பழைய மாதிரி வால்வு என்றால் பங்குப் பிடி அதில் சரியாக உட்காரவும் உட்காராது. பைக் மாதிரி வால்வு என்றால் மட்டும் அங்கே அடிக்கலாம். அப்போதும் ஒவ்வொரு நொடியாக விட்டு விட்டு அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் இதை உங்கள் மகனுக்கு ஐந்து நிமிடத்தில் கற்றுத் தந்துவிடுவார்.

கேள்வி: ஆன்லைனில் சார்ஜ் பம்பு வாங்கினேன். விளம்பரத்தில் 120 பிஎஸ்ஐ. என் டயரில் 60க்கு மேல் ஏறாமல் சூடாகி நின்றுவிடுகிறது. "திறந்து பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர்.
- வாசகர், அண்ணா நகர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லை என்றாலோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பயன்படுத்திப் பார்க்காமல் 60இல் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

முதலில் ஆதாரம். மெஷினில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தெரிந்த சைக்கிள் கடையில் மீட்டர் வைத்த பெரிய பம்பை அதே டயரில் மாட்டி அளந்து, இரண்டையும் சேர்த்து வீடியோ எடுங்கள். முழு சார்ஜில் எடுத்தது என்பதும் தெரிய வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு எண்ணை மாற்றிவிடுவார்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுச் சாமான் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணும் கட்டாயம். இவை இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள்.

பிறகு விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். அதே மெஷினை நம்பி யாரோ ஒருவர் இருட்டில் நெடுஞ்சாலையில் நிற்கப் போகிறார்.

கேள்வி: அப்பாவின் பழைய சைக்கிளை ஓட்டுகிறேன். பஞ்சர் இல்லை, ஆனாலும் இரண்டு நாளில் காற்று இறங்கிவிடுகிறது. டியூப் மாற்ற வேண்டுமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: வேண்டாம், வால்டியூபை மாற்றுங்கள். வால்வுக்குள் இருக்கும் சிறு குழலின் பக்கவாட்டுத் துளையை அந்த ரப்பர்தான் மூடுகிறது. அடிக்கும்போது காற்று அதை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், பிறகு உள்காற்றின் அழுத்தமே அதைத் துளைமேல் அமுக்கிப் பிடிக்கும். வெயிலில் நாள்பட்ட ரப்பர் பிசுபிசுத்தோ வெடித்தோ போய்விடும். பஞ்சர் கடையில் ஒரு சாண் நீளம் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். துளையைத் தாண்டி நன்றாக மூடும் அளவு நறுக்கி, தண்ணீரில் நனைத்து ஏற்றுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். நட்டை இறுக்கிக் காற்றடித்த பின், எங்கள் தெருப் பஞ்சர் கடைப் பெரியவர் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பார். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழ் எழுந்தால் நட்டை இன்னும் கால் சுற்று.