வேலைக்கும் படிப்புக்கும் தேவைப்படாதபோது சிலர் ஏன் லினக்ஸ், பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறார்கள்?

"மல்லுக்கட்டுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன். நள்ளிரவு தாண்டியும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் "இதோ வருகிறேன்" என்று குரல் மட்டும் வரும். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அந்தக் குரல் என்னுடையது. எனவே பதில் சொல்லத் தகுதி உண்டு என்றே நம்புகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் வேலை செய்பவர்களை நான் குறைவாக நினைப்பவன் அல்ல. அலுவலகத்தில் நானும் அதில்தான் வேலை செய்கிறேன். "எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள்" என்று இங்கே எங்கும் எழுதப்போவதில்லை. பின்னூட்டத்தில் அந்தச் சண்டையை யாரும் தொடங்க வேண்டாம். ஏன் என்று கேட்டீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்குறிப்பு எழுதியவர். அவர் காலமான பிறகு, அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை அக்காவும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். ஒவ்வொரு குறிப்பும் ஒரு தனிக் கோப்பு. பெயர்கள் எல்லாம் தமிழில்: மழை, பனி, கோடை, தோட்டம், வெயில். அக்கா தன் கணினியில் தட்டச்சு செய்ததை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தேதி வாரியாக ஒரு பட்டியல் தயாரித்தேன். அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்து, கோப்புகளை அதே வரிசையில் ஒன்றாகக் கோத்து ஒரே நூலாக்கும்படி ஒரு சிறு ஷெல் நிரல் எழுதினேன். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்துவது. பத்து வரிகூட இருக்காது.

நூல் வந்தது. ஆனால் நடுநடுவே குறிப்புகளைக் காணவில்லை. திரையில் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பிழைச் செய்தி வரிசையாக நின்றது. அடைவை (ஃபோல்டரை) பட்டியலிட்டால் அந்தக் கோப்புகள் எல்லாம் அங்கேயே இருந்தன. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கண் முன்னால் இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்பாவின் எழுத்து என்பதால் பயமும் வந்துவிட்டது.

முதலில் வட்டு கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கருவியை ஓட்டினேன், பழுதில்லை என்றது. நம்பாமல் மறுபடியும் ஓட்டினேன். அடுத்து, பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். அதுவும் இல்லை. பிறகுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. "தோட்டம்" என்று முழுதாகத் தட்டினால் கோப்பு இல்லை என்கிறது. "த" என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், ஷெல் தானே "தோட்டம்" என்று நிரப்பிக்கொடுக்கிறது, கோப்பும் திறக்கிறது. திரையில் இரண்டு தோட்டத்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

கோப்பின் பெயரை, ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கொண்டுசேர்க்கும் குழாய் வழியே, "ஓடி" (od) என்ற கருவிக்கு அனுப்பினேன். லினக்ஸுக்கும் பிஎஸ்டிக்கும் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971 நவம்பரில் வெளிவந்த முதல் கையேட்டிலேயே இருக்கும் கருவி அது. கொடுத்ததை எண்ம (எட்டை அடியாகக் கொண்ட) எண்களாகக் கொட்டிக் காட்டும், வேறொன்றும் செய்யாது. நான் தட்டிய "தோட்டம்" 21 பைட் (பைட் என்பது கணினி தகவலைச் சேமிக்கும் ஒரு சிறு அலகு). அக்காவின் "தோட்டம்" 24 பைட். முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றே: 340 256 244. அது "த". அடுத்து என்னுடையதில் 340 257 213. அக்காவினுடையதில் 340 257 207, பிறகு 340 256 276.

ஓகாரக் குறி! உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். "ோ" என்று ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றே யூனிகோடு சொல்கிறது. என் விசைப்பலகை ஒரே குறியாக எழுதியது. அக்காவின் கணினியில் கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்து எழுதிவைக்கும் வழக்கமுடையது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய குறிகளும் "ஔ" என்ற உயிரெழுத்தும் மட்டுமே தமிழில் இப்படிப் பிரியும். அதனால்தான் அக்கா கொடுத்த மழையும் பனியும் வெயிலும் ஒழுங்காகச் சேர்ந்தன, கோடையும் தோட்டமும் விடுபட்டன. உண்மை பிடிபட்டபோது மணி இரண்டே கால். அக்காவை எழுப்பிச் சொன்னேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிழைக்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை என்னால் போய்த் தொட முடிந்தது. எந்த மூடியும் என்னைத் தடுக்கவில்லை. கோப்பின் பெயர் என்பது அடைவுகளைப் பிரித்துக் காட்டும் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர வேறு எந்த பைட்டும் இருக்கக்கூடிய ஒரு வரிசை. யூனிக்ஸ் கருவுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, அவ்வளவுதான் தெரியும். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அப்பாவின் தோட்டத்தை ஒரு பைட்கூடச் சிந்தாமல் வைத்திருந்தது. அப்படி வைத்திருக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தபோது, பல பைட்டுகளாக விரியும் எந்த எழுத்தின் உள்ளேயும் சாய்கோட்டின் பைட் வந்துவிடாதபடி அமைத்தார்கள். அதே தாம்சன்தான் 1969இல் யூனிக்ஸைத் தொடங்கியவர், அதிகம் பேர் தொடாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில். இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் அவர் செய்த இரண்டு வேலைகளும் என் மேசையில் அந்த இரவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. இதை உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மிகை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

"இயங்குதளமே இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாமா, இது குறைதானே?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. இசட்எஃப்எஸ் கோப்பு முறையில், உருவாக்கும்போதே அப்படி அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் அமைக்கவில்லை, அது என் பொறுப்பு. ஆனால் எனக்கே தெரியாமல் என் பெயர்களைத் திருத்திவிடும் கணினியைவிட, கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருந்து, கேட்டால் காட்டும் கணினியையே நான் விரும்புகிறேன். இது என் விருப்பம். எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்லவில்லை.

தீர்வு சுலபமாகத்தான் இருந்தது. கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. பிரிந்த குறிகளைச் சேர்த்துப் பெயர்களை மாற்றும். வெறுமனே ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். உண்மையாகவே செய் என்று தனியாகச் சொன்னால்தான் கை வைக்கும். இழந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகளோடு வேலை செய்கிறவனின் மனம் தெரிந்த ஒருவர் எழுதிய கருவி அது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடந்ததை அலுவலகத்தில் ஒருவரிடம் ஆர்வமாக விவரித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்றார். இதே வாக்கியத்தை இதுவரை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அப்பா "தோட்டம்" என்று எழுதினார். அதற்கு நான் ஏன் வேறு பெயர் வைக்க வேண்டும்? இடம் நமக்குக் குறைவு என்பது உண்மைதான். 1983இல் வந்த 4.2பிஎஸ்டி என்ற பிஎஸ்டி பதிப்பு, கோப்புப் பெயரின் நீளத்தை 14இலிருந்து 255 பைட்டாக உயர்த்தியது; இன்றைய லினக்ஸிலும் பெரும்பாலும் அதே அளவுதான். ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. நம் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் நமக்கு 85 குறி. புள்ளியும் ஒரு குறி. லினக்ஸின் வெறும் உரைத்திரை ஒரு எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் ஏற்காது, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் பொருத்தவும் அதற்குத் தெரியாது. இவையெல்லாம் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வேலைகள். மொழியை மாற்றிக்கொள் என்பது அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனால் இதை எங்காவது எழுதியாக வேண்டியிருந்தது.

"தேவைப்படாதபோது" என்று கேட்டதற்கும் ஒரு வரி. 1991 ஆகஸ்டில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலாக அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. அவருக்கும் அது தேவைப்பட்டதா என்று கேட்டால் என்ன சொல்வது?

உங்கள் வீட்டில் விழித்திருப்பவர் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். என் அக்கா அப்படித்தான் கேட்டாள், பாதித் தூக்கத்தில். அவளுடைய "தோட்டம்" என்ற பெயரின் எட்டுக் குறிகளையும் விரல் வைத்து எண்ணச் சொல்லிக் காட்டினேன். பெயர்களை எல்லாம் மாற்றிய பிறகும், சோதனைக்கென்று ஓர் அடைவில் இரண்டு தோட்டங்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைத் திறந்து, எது யாருடையது என்று அவளே ஓடியில் பார்த்துச் சொல்கிறாள்.