கன்கரன்சி: மொழிக்குள் வைப்பதா, லைப்ரரியில் விடுவதா?

ஒரே புரோகிராமில் பல வேலைகளை ஒன்றோடொன்று பின்னி ஓடவிடுவதுதான் கன்கரன்சி. அதற்கென்று மொழியிலேயே தனிச் சொற்கள் (கீவேர்ட்) வேண்டுமா என்று கேட்டு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஒரு குட்டி மொழி எழுதுகிறோம் அண்ணா. கோ மொழியில் இருப்பது போல ஒரு கீவேர்ட் சேர்த்துவிட்டால் போதுமா?

கீவேர்ட் சேர்ப்பது அரை நாள் வேலை தம்பி, பார்சரில் நாலு வரி. கோ மொழியின் அந்த இரண்டெழுத்துச் சொல்லுக்குப் (go) பின்னால், எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஒரு முழு ஷெட்யூலர் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் தொடங்கிவைக்கும் ஒவ்வொரு கோரூட்டினும் (goroutine) சுமார் 2 கேபி ஸ்டாக்கோடு தொடங்கித் தேவைக்கேற்ப வளரும். அவ்வளவு இருந்தும், உள்ளே எந்த ஃபங்ஷனையும் கூப்பிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு லூப்பை இடையில் நிறுத்த 2020-ல் வந்த 1.14 பதிப்பு வரை வழியில்லை. முதலில் ரன்டைமை, அதாவது புரோகிராம் ஓடும்போது பின்னணியில் இதையெல்லாம் கவனிக்கும் பகுதியை, எழுதுங்கள். சாதாரண ஃபங்ஷனாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கீவேர்ட் எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் லைப்ரரியிலேயே முடித்துவிடலாமே? சி-யில் பித்ரெட்ஸ் என்ற த்ரெட் லைப்ரரி அப்படித்தானே இருந்தது?

இருந்தது, ஓட்டையோடு. ஒரு ஸ்ட்ரக்சரில் அடுத்தடுத்து இரண்டு சின்ன ஃபீல்டுகள். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) முதலாவதில் மட்டும் எழுதுகிறது, இன்னொன்று இரண்டாவதில் மட்டும். பார்த்தால் மோதலே இல்லை. ஆனால் கம்பைலர் வேகத்துக்காக இரண்டையும் சேர்த்து ஒரே வேர்டாகப் படித்து, ஒன்றை மாற்றி, மொத்தத்தையும் திரும்ப எழுதினால்? நடுவில் அடுத்தவர் எழுதியது காணாமல் போய்விடும். த்ரெட் என்ற ஒன்று இருப்பதே தெரியாத கம்பைலரைக் குற்றம் சொல்ல முடியாது. த்ரெட்டுகளை வெறும் லைப்ரரியாக மட்டும் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஹான்ஸ் போம் 2005-ல் விளக்கினார். 2011-ல் சி, சி ப்ளஸ் ப்ளஸ் இரண்டின் தரநிலைகளிலும் மெமரி மாடல், அதாவது பல த்ரெட்டுகள் ஒரே மெமரியைத் தொடும்போது என்ன நடக்கும் என்ற விதிகள், சேர்ந்தது.

அது மொழியின் அடிமடியில் நடந்த மாற்றம். ஆனால் அந்த விதிகளுக்கென்று ஒரு கீவேர்டும் தேவைப்படவில்லை. மொழிக்குள் வைப்பது வேறு, சிண்டாக்ஸ் சேர்ப்பது வேறு. பாதிச் சண்டை இதைக் குழப்பிக்கொள்வதால் வருவது.

கேள்வி: பைதானில் ஈல்ட் ஃப்ரம் இருந்தபோது ஏசிங்க், அவெய்ட் எதற்கு?

(‘ஏசிங்க்’ என்றே எழுதுகிறேன். ‘அசிங்க்’ என்று எழுதினால் பாதிப் பேர் வேறு மாதிரி படிக்கிறார்கள்.)

ஏசிங்க் என்பது ‘இந்த ஃபங்ஷன் நடுவில் நின்று பிறகு தொடரும்’ என்ற குறி, அவெய்ட் அது நிற்கும் இடம். 2014-ல் வந்த 3.4 பதிப்பில், மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரையே இப்படி நின்று தொடரும் கோரூட்டினாக (coroutine) வளைத்து, நிற்கும் இடத்தில் ஈல்ட் ஃப்ரம் போட்டுப் பயன்படுத்தினோம். புரோகிராமைச் சுத்தம் செய்யும்போது அந்த ஒரே ஈல்ட் ஃப்ரம் வரியைத் தவறி அழித்துவிட்டால், ஃபங்ஷன் ஜெனரேட்டராக இருப்பதையே சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அப்புறம், வித் பிளாக்கை மூடும் இடத்திலோ ஃபார் லூப் அடுத்த மதிப்பைக் கேட்கும் இடத்திலோ நிறுத்திவைக்க எந்த லைப்ரரியாலும் முடியாது. அந்த இடங்கள் மொழியின் கையில் இருப்பவை. யூரி செலிவனோவ் எழுதிய பெப் 492 என்ற பைதான் முன்மொழிவு இதற்காகத்தான், 2015-ல் 3.5 பதிப்போடு வந்தது. என் கணக்கில் அது நியாயமான சேர்க்கை.

விலையும் இருந்தது. 2018-ல் 3.7 வந்தபோது ஏசிங்க் முழுக் கீவேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஆர்கியுமென்ட் வைத்திருந்த லைப்ரரிகள் இம்போர்ட் ஆகும்போதே விழுந்தன.

சிண்டாக்ஸ் வந்துவிட்டால் தப்பே நடக்காது என்றும் நினைக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவில் மெயில் அனுப்பும் வேலைக்கு ஓர் அவெய்ட் போட மறந்தேன். இரண்டு நாள் ஒரு மெயிலும் போகவில்லை, எர்ரரும் இல்லை. ‘அவெய்ட் செய்யப்படவே இல்லை’ என்ற வார்னிங் மட்டும் யாரும் திறக்காத லாகில் கிடந்தது. ரஸ்ட்டில் இதே தப்பைச் செய்தால் கம்பைல் செய்யும்போதே வார்னிங் கண்ணில் படும். கீவேர்ட் கொடுத்தால் கம்பைலர் அதைச் சரிபார்க்கவும் வேண்டும்.

கேள்வி: ஜாவா 21-ன் விர்ச்சுவல் த்ரெட்டுகளுக்குப் புது சிண்டாக்ஸே இல்லை சார். மற்றவர்கள் எல்லாம் ஏமாந்துவிட்டார்களா?

இல்லை. விர்ச்சுவல் த்ரெட் என்பது ஓஎஸ் அல்ல, ஜாவாவே நடத்தும் லேசான த்ரெட். ஜாவாவிடம் விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது, ஸ்டாக் அதன் கையில். காத்திருக்க வேண்டி வந்தால் ஸ்டாக்கைத் தூக்கி ஹீப் என்ற பொது மெமரியில் வைத்துவிடும். ரஸ்ட்டுக்கு அந்த வசதி இல்லை. தன்னிடமிருந்த பச்சை த்ரெட்டுகளை (ஓஎஸ் அல்ல, ரன்டைமே நடத்தும் த்ரெட்டுகள்), எல்லார் தலையிலும் ஒரு ரன்டைமைக் கட்ட வேண்டாம் என்று 1.0-க்கு முன்பே, 2014-ல் கழற்றிப் போட்டது. கடைசியில் ஃபங்ஷனைக் கம்பைலரே நிற்கும் இடங்களில் துண்டாக்கி ஸ்டேட் மெஷினாக வெட்டித் தரும் ஏசிங்க், 2019 நவம்பரில் 1.39-ல் வந்தது.

ஜாவாவின் காலை வாரியது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும், முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் சிங்க்ரனைஸ்டு என்ற கீவேர்ட். அதற்குள் காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட், தன்னை ஓட்டும் ஓஎஸ் த்ரெட்டையும் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. 2025 மார்ச்சில் 24-ஆம் பதிப்பு வந்த பிறகுதான் அது சரியானது. தொண்ணூறுகளில் போட்ட ஒரு சொல்லுக்காக இவ்வளவு காலம் கழித்து வேலை செய்ய வேண்டியதாயிற்று.

கேள்வி: ஒரு ஃபங்ஷன் ஏசிங்க் ஆனால் அதைக் கூப்பிடுவதெல்லாம் ஏசிங்க் ஆக வேண்டியிருக்கிறதே, எரிச்சலாக இல்லையா?

எரிச்சல்தான். ஆனால் ஒரே த்ரெட்டில் டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப்பில் அதற்கு ஒரு பலன் உண்டு. கணக்கில் மீதியைப் பார்க்கும் வரிக்கும் பணத்தைக் கழிக்கும் வரிக்கும் நடுவில் அவெய்ட் இல்லையென்றால், வேறு எந்த டாஸ்க்கும் அங்கே நுழையாது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

கேள்வி: ரஸ்ட்டில் மட்டும் அவெய்ட் ஏன் பின்னால் வருகிறது?

எர்ரர் வந்தால் உடனே திரும்பிவிடும் கேள்விக்குறி ஆபரேட்டரோடு சங்கிலியாக எழுத. முன்னால் வைத்தால் அடைப்புக்குறிகள் குவியும். நம் மொழியில் வினை கடைசியில்தானே வருகிறது, நமக்கு இது எளிதாகப் பழக வேண்டும்!

கேள்வி: முதலில் கேட்டவன்தான் அண்ணா. எங்கள் மொழியில் கடைசியாக எதை வைக்கலாம்?

காட்லினைப் பாருங்கள். கோரூட்டினுக்காக மொழியில் சஸ்பெண்ட் என்ற ஒரே சொல்தான். ஃபங்ஷனை வெட்டும் வேலை கம்பைலருடையது என்பதால் அது மட்டும் உள்ளே. லாஞ்ச், ஏசிங்க் எல்லாம் லைப்ரரி ஃபங்ஷன்கள், பிடிக்காவிட்டால் மாற்றலாம். நீங்களும் நிறுத்திவைக்கும் இடத்துக்கு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பின்னால் தேவைப்படலாம் என்று தோன்றும் மூன்று நான்கு சொற்களை இப்போதே கீவேர்ட் பட்டியலில் ஒதுக்கி, யாராவது வேரியபிளுக்கு அந்தப் பெயரை வைத்தால் எர்ரர் கொடுங்கள். அவெய்ட், ஈல்ட் போன்ற பெயர்கள் பழைய கோடில் ஏற்கெனவே புழங்கியதால்தான் சி ப்ளஸ் ப்ளஸ் 2020-ல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘கோ’ (co_) என்று ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.