டிரைவிலிருந்து இறக்கிய கல்யாணப் படங்கள் முழுதாக வந்தனவா?

கேள்வி: தங்கை கல்யாணத்தின் படங்களையும் வீடியோவையும் போட்டோகிராபர் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினார். 60 ஜிபிக்கு மேல் இருக்கும். டவுன்லோடு செய்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் அவர் அழித்துவிடுவாராம். எதுவும் விடுபடவில்லை, கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாலாயிரம் படத்தையும் திறந்து பார்க்க முடியாதே!

பதில்: திறந்து பார்த்தாலும் முழுதாகத் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரிஜினல் இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள், அது நல்லது. அவரும் அழித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

முதலில் ஜிப் விவகாரம். பெரிய ஃபோல்டரை டிரைவ் ஒரே ஜிப்பாகத் தராது. சுமார் 2 ஜிபி அளவில் பல ஜிப்களாகப் பிரித்து 001, 002 என்று எண் போட்டுத் தரும். பெரிய வீடியோக்கள் ஜிப்புக்குள் சேராமல் தனியாக இறங்குவதும் உண்டு. நடுவில் 017 மட்டும் நின்றுபோயிருந்தால் மற்றவை ஒழுங்காகத் திறக்கும். முகூர்த்தப் படங்களில் நூறு குறைவது யாருக்கும் தெரியாது. அதனால் எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். எல்லா ஜிப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 7-ஜிப் மென்பொருளில் 'டெஸ்ட் ஆர்கைவ்' கொடுங்கள். ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் ஃபைல்வாரியாக சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது. பாதியில் அறுந்தது இங்கேயே மாட்டிக்கொள்ளும். வராத ஜிப்பைப் பற்றி மட்டும் இது வாயே திறக்காது.

அதற்குத்தான் ஹாஷ். ஃபைலில் உள்ள அத்தனை பைட்டையும் அரைத்து ஒரு கைரேகை எடுப்பது மாதிரி. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் ஒரு ஃபைலுக்கு 64 எழுத்து வரும். படத்தில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த 64-ம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பிட் புரண்டால் ஃபைல் அளவு மாறாது; அளவை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது அதனால்தான் போதாது.

போட்டோகிராபரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, டிரைவில் ஏற்றின அந்த ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்குமே, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, 7-ஜிப்பின் சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 கொடுத்து, வருகிற விண்டோவை அப்படியே அனுப்புங்கள்." விண்டோஸ் 11-இல் இந்த மெனு 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கலாம். அந்த ஒரு விண்டோவில் எத்தனை ஃபைல், மொத்த அளவு, ஹாஷ் மூன்றும் இருக்கும். உங்கள் பக்கம் எல்லா ஜிப்பையும் பிரித்து, தனியாக இறங்கிய வீடியோக்களையும் அவற்றின் இடத்தில் சேர்த்து, அந்த ஃபோல்டரிலும் அதையே செய்யுங்கள். ஹாஷ் இரண்டு வரியாக வரும்: ஒன்று உள்ளடக்கத்துக்கு மட்டும், மற்றது பெயர்களையும் சேர்த்து. முதல் வரி ஒத்தால் படங்கள் பத்திரம். ஒத்துப்போகவில்லையா? பதற வேண்டாம். முதலில் ஃபைல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏதாவது மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல் ஒரு பக்கம் கூடியிருக்கலாம். எண்ணிக்கை சரியென்றால் வரவேற்பு, நலங்கு, முகூர்த்தம் என்று உள் ஃபோல்டர்வாரியாகச் செய்து பாருங்கள். குற்றவாளி சீக்கிரம் சிக்கும். அதை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.

என் அனுபவத்தில் டவுன்லோடைவிட ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. லூசான ஒரு யுஎஸ்பி கேபிளால் என் குடும்பப் படங்களில் மூன்று, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. ஆகவே ஹாஷை கம்ப்யூட்டரில் அல்ல, டிஸ்க்கில் இருக்கும் பிரதியில் எடுங்கள். காப்பி முடிந்ததுமே எடுக்காதீர்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்காமல் ரேமில் மிச்சமிருப்பதையே படித்து 'சரி' என்று சொல்லிவிடக்கூடும். ஒருமுறை எஜெக்ட் செய்து, கழற்றி மாட்டி, அப்புறம் எடுங்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் அந்த ஹாஷை நோட்பேடில் ஒட்டி டிஸ்க்கிலேயே வையுங்கள். நாளைக்கு வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது போட்டோகிராபரைத் தேட வேண்டியதில்லை. படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் மட்டும் அதைப் போடாதீர்கள், கணக்கே மாறிவிடும்.