டப்ளின் தேவாலயங்கள் வெறுமையானது ஏன்?

டப்ளினில் ஞாயிறு திருப்பலிக்கு (கத்தோலிக்க வழிபாட்டுக்கு) வருவோர் குறைந்ததற்குச் சிறார் வன்கொடுமை போன்ற திருச்சபை ஊழல்கள் மட்டுமே காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1970-களின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றனர். 2011-இல் டப்ளின் பேராயர் டியர்மிட் மார்ட்டின் தம் மறைமாவட்டத்துக்குக் கூறிய அளவு சுமார் 18 விழுக்காடு. சிறார் மீதான வன்கொடுமைகளை மறைமாவட்டம் மூடிமறைத்ததை வெளிக்கொணர்ந்த மர்ஃபி அறிக்கை 2009-இல்தான் வந்தது என்பதால், சரிவின் பெரும்பகுதி அதற்கு முந்தையது. என் பார்வையில், ஊழல்கள் சரிவைத் தொடங்கிவைக்கவில்லை, விரைவுபடுத்தின. நகர்ப்புற வாழ்க்கை, 1966-இல் அறிவிக்கப்பட்ட இலவச இடைநிலைக் கல்வி, பெண்கள் வேலைக்குச் சென்றது, குடும்பக் கட்டுப்பாடு குறித்த போதனையோடு எழுந்த பிணக்கு ஆகியவை திருச்சபையின் பிடியை மெல்லத் தளர்த்தின. இதில் தொழிலாளர் குடியிருப்புகளே முந்திக்கொண்டன.

டப்ளினின் தொழிலாளர் குடியிருப்பான ஃபிங்லஸ் பகுதியில், மக்கள் பெருகுவார்கள் என்ற நம்பிக்கையில் 1960-களில் ஆயிரக்கணக்கானோர் அமரும்படி கட்டப்பட்ட மங்கள வார்த்தை ஆலயம் அண்மையில் இடிக்கப்பட்டது. (மக்கள் பெருகத்தான் செய்தார்கள், திருப்பலிக்குத்தான் வரவில்லை.) 2022 கணக்கெடுப்பில் டப்ளின் மாநகரில் தம்மைக் கத்தோலிக்கர் என்றவர்கள் பாதிக்குச் சற்றே அதிகம். போலந்துக்காரர்களும் கேரளச் செவிலியர் குடும்பங்களும் சில ஆலயங்களை நிரப்புகிறார்கள் என்றாலும், மொத்தச் சரிவை ஈடுசெய்யும் அளவுக்கு அது பெரிதன்று.